படம் வேண்டாம், பேசினால் போதும்

சுனில்டா கோட்டிக்கின் லேப்டாப் பத்து விநாடி ஊமையாகிவிட்டது. வீட்டில் ஆகியிருந்தால் யாருக்கு என்ன? நேரடி ஒலிபரப்பில் ஆனது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம், நம் வில்லகுவாய் ஊரே மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு ரேடியோவைக் கேட்கிற நேரம். மாட்டுச் சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தவள், "கன்றுக்குட்டி கிலோ" என்பதோடு நின்றாள். பத்து விநாடி என்றால் என்ன, சுண்டைக்காய் நேரம் என்று தோன்றும். ரேடியோவில் அது பத்து வருஷம். மூன்று பேர் போன் போட்டு, கன்றுக்குட்டி செத்துப்போச்சா என்று விசாரித்தார்கள்.

சுனில்டாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. செய்திகள் காலை ஆறு மணிக்கு மேல்தான் மின்னஞ்சலில் வந்து விழும். அதைப் புள்ளியெழுத்தில் அச்சடித்துத் தடவிப் படிக்க நேரம் ஏது? அதனால் லேப்டாப்பே அவளுக்குப் படித்துச் சொல்லும். இடது காதில் ஓர் இயந்திரக் குரல் வரியை ஒப்பிக்கும். அது போகிற வேகத்துக்கு நீங்களும் நானும் கேட்டால் வண்டு ரீங்காரம் என்று நினைத்துக்கொள்வோம். அவளோ ஒரு வரி பின்னால் அதைத் தன் குரலில் ஊருக்குச் சொல்லிக்கொண்டே போவாள். பதினோரு வருஷமாக இதுதான் நடக்கிறது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். விசைப்பலகையில் விரலை வைத்தாளானால் எடுக்கிற வரைக்கும் ஒரு தப்பு வராது.

தப்பெல்லாம் லேப்டாப் பக்கம்தான். அதற்குப் பதினாலு வயது. வாங்கும்போது சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் அப்டேட், அப்டேட் என்று அதன் தலையில் ஏற்றி ஏற்றி, இப்போது பொத்தானை அமுக்கிவிட்டுத் தண்ணீர் சுடவைத்து, மாத்தே போட்டு, முதல் குடுவையைக் குடித்து முடித்தால்தான் கண் விழிக்கும். அந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை நடுவில் திக்கிவிட்டது. புதுசு வாங்கலாம்தான். விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று சுனில்டாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ரேடியோ நிலையத்தை நடத்துகிறவன் ஓஸ்மார். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் பெரிய கஷ்டம். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம். அவன் அவள் தோளில் கை வைத்து, தேன் தடவிய குரலில் சொன்னான்.

"சுனி, திங்கக்கிழமையும் இப்படி நின்னுச்சுன்னா, செவ்வாயிலேர்ந்து விக்டோரியானோ படிக்கட்டும். நீ சனிக்கிழமை சாயங்காலம் வந்து பழைய பாட்டு போடு. உனக்கும் அலைச்சல் இல்ல பாரு."

விக்டோரியானோ யாரென்றால், டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு விளம்பரம் படிக்கிறவன். பெயரில் உள்ள 'ர'வையே மூன்று முழத்துக்கு இழுப்பான். அவனிடம் காலைச் செய்தியா? சுனில்டா வீட்டுக்கு வந்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தங்கை கிளாடிஸ் கதவைத் தட்டியபோது முகம் கழுவுகிறேன் என்றாள். முகம் கழுவ அரைமணி நேரமா என்று கிளாடிஸ் கேட்கவில்லை. அவளும் அந்த ரேடியோவைக் கேட்டவள்தானே.

சனிக்கிழமை காலையில் கிளாடிஸ்தான் ஒரு சேதி கொண்டுவந்தாள். மக்கள் நூலகத்தில் இன்று வருஷாந்திர லினக்ஸ் திருவிழா. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால், கூடியிருக்கிற தொண்டர்கள் அதிலுள்ளதைத் துடைத்துவிட்டு, லினக்ஸ் என்கிற லேசான, இலவசமான இயங்குதளம் ஏதாவது போட்டுக் கொடுப்பார்கள். சுனில்டா லேப்டாப்பைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நூலகத்துக்குள் நுழைந்ததுமே சுனில்டாவுக்கு விளங்கிவிட்டது, இது கால்பந்து மைதானம்தான் என்று. பெயர்தான் லினக்ஸ் திருவிழா. நம் ஊரில் பிள்ளை பிறந்ததும் எந்தக் கால்பந்து கிளப் என்று முடிவாகிவிடுகிறது, சாகிற வரைக்கும் மாறுவதில்லை. கம்ப்யூட்டர்காரர்களும் அதே இரத்தம்தான். லினக்ஸில் நூறு வகை இருக்கிறதாம். ஒவ்வொருவனும் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் குப்பை என்கிறான். எந்த இயந்திரத்துக்கு எது பொருந்தும் என்று கேட்பார் இல்லை. ஒலிபெருக்கியில் கும்பியா பாட்டு வேறு அலறியது.

முதலில் அவளைப் பிடித்துக்கொண்டவன் ஃபப்ரிசியோ. தாடி வைத்த பெரிய உடம்புக்காரன், நடந்தால் தரை அதிரும். உலகத்திலேயே அழகான லினக்ஸ் தன்னிடம்தான் இருக்கிறது என்றான். பழைய கோப்புகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தபின், முக்கால் மணி நேரத்தில் போட்டும் விட்டான். கிளாடிஸ் திரையைப் பார்த்து உருகினாள். பனிமலையாம், ஏரியாம், ஏரியில் மலை தெரிகிறதாம்.

"ரொம்ப சந்தோஷம். என்கிட்ட பேசுமா?" என்று சுனில்டா கேட்டாள்.

இந்த அம்மாவுக்குக் கண் தெரியாது என்பது ஃபப்ரிசியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரியைப் பற்றி அவ்வளவு நேரம் வர்ணித்திருக்கிறான், பாவம். அங்கே இங்கே தேடி ஒருவழியாகக் குரலை எழுப்பினான். அது ஸ்பானிஷ் வார்த்தைகளை அமெரிக்கச் சுற்றுலாக்காரன் மாதிரி மென்று துப்பியது. அதைத் திருத்தியபின், ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது. மலையையும் ஏரியையும் தூக்கிச் சுமக்கிற இயந்திரத்துக்குப் பேச எங்கே தெம்பு இருக்கும்?

அடுத்து லெயாந்த்ரோ. ஃபப்ரிசியோ தோற்றதில் அவனுக்குச் சொந்தக் கிளப்பே ஜெயித்த மாதிரி சந்தோஷம். தன்னுடையது இறகு மாதிரி லேசு என்றான். உண்மைதான், பதினைந்தே விநாடியில் எழுந்து நின்றது. ஆனால் அதில் பேசுகிற குரலே கிடையாது. லேசாக்குவதற்காக முதலில் வெட்டி எறிந்ததே அதைத்தானாம்.

"யாரு அக்கா அதையெல்லாம் உபயோகிக்கிறாங்க?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஒன்று பேசும், நடக்காது. ஒன்று நடக்கும், பேசாது. மத்தியானம் ஆகிவிட்டது. வாசலில் சுட்ட சோரிசோ இறைச்சியை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். சுனில்டா இரண்டு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஓஸ்மார் வந்து சேர்ந்தான், ரேடியோவுக்காகத் திருவிழாவைப் பற்றி நாலு வார்த்தை பதிவு செய்ய. அவளைப் பார்த்ததும் குரலில் அதே தேன்.

"இதெல்லாம் எதுக்கு சுனி உனக்கு? கிளாடிஸ் படிச்சுச் சொல்லட்டுமே, நீ கேட்டுச் சொல்லேன்."

ஃபப்ரிசியோவும் அதுதான் சுலபம் என்று ஒத்து ஊதினான். லெயாந்த்ரோவும் தலையாட்டினான். காலையிலிருந்து ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் ஒற்றுமையாகிவிட்டார்கள்.

சுனில்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தவில்லை. லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு வந்த துண்டை எடுத்து, ஃபப்ரிசியோவின் சொந்தக் கம்ப்யூட்டர் எது என்று கேட்டு, அதன் திரைமேல் போட்டாள்.

"உன் மெஷின்தானே? உன் கிளப்தானே? இப்ப ஒரு மெயிலைத் திறந்து எனக்குப் படிச்சுக் காட்டு. துண்டை எடுக்கக் கூடாது."

ஃபப்ரிசியோ சிரித்தான். பிறகு மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். பிறகு சிரிப்பு நின்றது. கூட்டம் சேர்ந்துவிட்டது. லெயாந்த்ரோ தன்னால் முடியும் என்று முன்னால் வந்தான். அவன் எதையோ அமுக்க, எதுவோ அழிந்துபோனது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வேறு யாருக்காவது ஆசை இருக்கிறதா என்று சுனில்டா கேட்டாள். ஒருவருக்கும் இல்லை.

"அப்போ எனக்கு எது சுலபம்னு நீங்க யாரும் சொல்ல வேண்டாம்" என்றாள்.

அப்போதுதான் ஒரு மெல்லிய குரல் கேட்டது. அயெலென், நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை போடுகிறவள். காலையிலிருந்து ஒரு மூலையில் உட்கார்ந்து பென் டிரைவ்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தக் கிளப்பும் கிடையாது, அதனால் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. டெபியன் என்று ஒரு லினக்ஸ் இருக்கிறது, அதன் கையேட்டில் ஒரு வரி படித்தேன் என்றாள். அது கிளம்பும்போது 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்குமாம். அந்த நேரத்தில் எஸ் எழுத்தை அமுக்கி எண்டர் தட்டினால், போடுகிற வேலை முழுவதையும் பேசிக்கொண்டே செய்யுமாம்.

ஃபப்ரிசியோ உடனே மறுத்தான். அதை நாற்பது தடவை போட்டிருக்கிறேன், ஒரு பீப்பையும் கேட்டதில்லை என்றான்.

"நீங்க எப்பவாவது சும்மா இருந்தாத்தானே கேட்கும்" என்றாள் அயெலென்.

கூட்டம் சிரித்தது. சுனில்டா சிரிக்கவில்லை. தன் லேப்டாப்பில் டெபியன் இருந்த பென் டிரைவைச் செருகச் சொன்னாள். துண்டைத் தன் லேப்டாப்பின் திரைமேலேயே போட்டுக்கொண்டாள். பாட்டை நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் வாயை மூடுங்கள் என்றாள். நம் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் ஒரே கூரைக்குக் கீழே வாயை மூடியது தேவாலயப் பூசையை விட்டால் அன்றுதான். யாரோ மாத்தே குடுவையின் அடியை உறிஞ்சினார்கள். அவரையும் முறைத்து அடக்கினாள் கிளாடிஸ்.

சுனில்டா பொத்தானை அமுக்கினாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. காதை விசைப்பலகைக்கு அருகே கொண்டுபோனாள். இதுவும் போனால் செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் விக்டோரியானோ உட்கார்வான்.

பீப்.

சின்னச் சத்தம்தான். எஸ், எண்டர். ஐந்து மூச்சு நேரம் கழித்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் கிளம்பியது. இங்கிலீஷில் மொழிகளின் பெயர்களை எண்ணோடு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. அது நம்மைத் திட்டுகிறதா என்று கிளாடிஸ் காதோடு கேட்டாள். சுனில்டா பொறுமையாகக் கேட்டு, ஸ்பானிஷ் என்று வந்ததும் அதன் எண்ணைத் தட்டினாள். குரல் உடனே ஸ்பானிஷுக்கு மாறியது. அசிங்கமான குரல்தான். ஆனால் கணீரென்று, திக்காமல் பேசியது.

அதற்குப் பிறகு அவள் யாரையும் நெருங்கவிடவில்லை. குரல் கேட்கும், அவள் எண்ணைத் தட்டுவாள். எந்த நாடு, எந்த விசைப்பலகை, என்ன பெயர். டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று கேட்டபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் உதவி செய்ய முடியாமல் தவித்தார்கள். ஃபப்ரிசியோவின் கை தன்னையறியாமல் விசைப்பலகைப் பக்கம் நீண்டது. காற்றின் அசைவிலேயே தெரிந்துகொண்டு, சுனில்டா அந்தக் கையில் சுளீரென்று ஒன்று வைத்தாள்.

கடைசியில் குரல் முக்கியமான கேள்விக்கு வந்தது. திரையில் காட்டுவதற்கு எந்த அலங்காரம் வேண்டும்? ஏழெட்டு வகை சொன்னது. ஃபப்ரிசியோ இரண்டாவது என்றான். லெயாந்த்ரோ ஐந்தாவதுதான் லேசு என்றான். அங்கேயே ஒரு சண்டை மூண்டது. சுனில்டா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. காலையிலிருந்து எல்லோரும் லேசு, லேசு என்று எடை போட்டதெல்லாம் அந்தப் படத்தைத்தானே? ஜன்னல், நிழல், ஐகான், மலை, ஏரி. பதினாலு வருஷமாக இந்தக் கிழட்டு இயந்திரம் மூச்சிரைக்க இரைக்கச் சுமந்ததும் அதையேதான். யாருக்காக?

ஒன்றுமே வேண்டாம் என்று குறித்தாள். எழுத்து மட்டும், குரல் மட்டும்.

"அக்கா, அதை எடுத்துட்டா ஸ்கிரீன்ல ஒண்ணுமே இருக்காது" என்று ஃபப்ரிசியோ பதறினான்.

"எனக்கு அங்க எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்லப்பா" என்று சொல்லிவிட்டு எண்டரைத் தட்டினாள்.

ஓஸ்மாரின் கையில் பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்தவும் அவனுக்குத் தோன்றவில்லை. வேலை முடிந்து இயந்திரம் அணைந்து மறுபடி எழுந்தது. லெயாந்த்ரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டாவது விநாடியில் குரல் வந்து, யார் நீ, பெயரைச் சொல் என்றது. சுனில்டா தன் பெயரைத் தட்டினாள். குரலின் வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள், அது ரீங்காரமாகிற வரைக்கும். பென் டிரைவிலிருந்த ஒரு பழைய செய்திக் கோப்பைத் திறந்து, ஒரு வரி பின்னால் சொல்லிக்கொண்டே போனாள், நின்ற இடத்திலேயே, கூடத்துக்கே கேட்கிற குரலில். ஒரு பக்கம் முடிந்தது. ஒரு திக்கல் இல்லை.

முதலில் கைதட்டியவன் ஃபப்ரிசியோ. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சமையலறை மேசையில் பயிற்சி. அயெலென் போனில் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, மின்னஞ்சல் எடுப்பது, கோப்பு திறப்பது எல்லாவற்றையும் விரலில் ஏற்றிக்கொண்டாள். அந்தத் தகரக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது என்று கிளாடிஸ் புலம்பினாள். மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வலுத்தது.

திங்கட்கிழமை காலையிலும் மழை விடவில்லை. சுனில்டா ஆறரைக்கே நிலையத்தில் இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விக்டோரியானோ, வாசனைத் தைலம் பூசிக்கொண்டு, கையில் அச்சடித்த தாள்களோடு தயாராக உட்கார்ந்திருந்தான். அவள் நின்றுபோனால் அதே வரியிலிருந்து தொடரச் சொல்லி ஓஸ்மாரின் ஏற்பாடு. தைல வாசனையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காதில் கருவியை மாட்டினாள்.

ஏழு மணி. வணக்கம் சொன்னாள். மழை அளவு, ஓடையின் மட்டம், நகராட்சி அறிவிப்பு. சந்தை நிலவரம் வந்தது, கன்றுக்குட்டியின் விலையைத் தெளிவாகச் சொல்லிக் கடந்தாள். ஏழு பன்னிரண்டு வந்தது, போயிற்று. விக்டோரியானோ ஒரு தாளைத் திருப்பினான்.

ஏழு பத்தொன்பதுக்குக் குரல் அவள் காதில், புதுக் கடிதம் என்றது. வாய் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்க, விரல் இன்னொன்றைத் திறந்தது. அவசர காலப் பிரிவிலிருந்து மூன்றே வரி. சொல்லிக்கொண்டிருந்ததை வெட்டினாள்.

"அவசரச் செய்தி. பெர்குரா ஓடைப் பாலத்து மேல தண்ணி ஏறிடுச்சு. யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். காலனிப் பள்ளிக்கூட பஸ், நீங்க எங்க இருக்கீங்களோ அங்கேயே நிறுத்துங்க. மறுபடி சொல்றேன், பள்ளிக்கூட பஸ், நிறுத்துங்க."

மூன்று முறை சொன்னாள். ஓஸ்மார் பாய்ந்து விக்டோரியானோவின் தாள்களைப் புரட்டினான். ஆறேகால் மணிக்கு அச்சடித்தது. அதில் எப்படி இருக்கும்? அலுவலகக் கம்ப்யூட்டரில் மின்னஞ்சலைத் திறக்க ஓடினான். அது புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், முப்பது சதவிகிதம், அணைக்காதே என்று வட்டத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஏழு இருபத்தேழுக்கு நிலையத்துப் போன் அடித்தது. ஓஸ்மார் எடுத்தான். பேசினது பஸ் டிரைவர் எர்மின்டோ. மழையில் ஒன்றும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தானாம். ரேடியோ கேட்டு பிரேக் போட்ட இடத்திலிருந்து பாலம் முந்நூறு மீட்டர். உள்ளே பத்தொன்பது பிள்ளைகள். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது, பிள்ளைகள் பின்னால் பாடிக்கொண்டிருப்பதும் போனில் கேட்டது. ஓஸ்மார் போனை வைத்துவிட்டு ஸ்டூடியோப் பக்கம் ஓடினான். பிறகு பேச்சுப் பொத்தானை அமுக்கி, அவள் காதில் விஷயத்தைச் சொன்னான்.

ஒலிபரப்பில் ஒரு விநாடிகூட ஓய்வு விழவில்லை. பஸ் நின்றுவிட்டது, பிள்ளைகள் பத்திரம், பெற்றவர்கள் பயப்பட வேண்டாம் என்று சுனில்டா ஊருக்குச் சொன்னாள். அடுத்த செய்திக்குப் போனாள். எட்டு மணிக்கு முடிக்க வேண்டிய நேரம் வந்தது. எப்போதும் ஓஸ்மார் அவள் காதில் முடிக்கச் சொல்வான், அவள் விடைபெறுவாள். அன்று அவன் சொல்வதற்கு முன்பே சுனில்டா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது வில்லகுவாய் காலைச் செய்தி. உங்ககிட்ட பேசினது சுனில்டா கோட்டிக். நாளைக்கும் நான்தான். நாளன்னைக்கும் நான்தான்."

யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டாள், ஊரே கேட்கும்படி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம். தைல வாசனை கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் காதில் ஓஸ்மாரின் குரல் வந்தது, இந்த முறை தேன் இல்லாமல்.

"ஆமா, சுனி. நீதான்."